வெந்தது பச்சையாகும் வீடு

நான் இதை நேரில் பார்க்கவில்லை. சென்னையில் பெண்கள் விடுதி ஒன்றில் ஒன்றரை வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த சொர்ணலதா சொல்லக் கேட்டது. அவளுக்கும் பாதி அவள் அம்மா சொன்னது, மீதி அவள் அக்கா சொன்னது. கேட்டதற்கு மேல் கூட்டாமல் எழுத முயன்றிருக்கிறேன். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் என்பது வரை எழுதிக்கொள்ளலாம் என்றாள்.

சொர்ணலதாவின் பெரியம்மை பெயர் தங்கபுஷ்பம். பெரியப்பா தவசிக்கனி சைக்கிள் கடை வைத்திருந்தவர், ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில், தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபடியே இறந்துபோனார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தவசிக்கனியின் தம்பி ஆதிலிங்கமும் அவர் மனைவி சந்தனமாரியும் அடுத்த வீட்டில் இருந்தார்கள். அவர்களுடைய இரண்டு பெண்களில் மூத்தவள் ஜெயரதி, இளையவள் என் அறைத்தோழி.

அந்தப் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டைத் துட்டி வீடு என்பார்கள். துட்டி வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, பதினாறு நாளும் சொந்தக்காரர் வீடுகளிலிருந்து சோறு வரும், பதினாறாம் நாள் பிறந்த வீட்டார் அரிசியும் பருப்பும் கொண்டுவந்து வைக்க அந்த வீட்டுப் பெண் தன் கையால் அடுப்பு மூட்டி உலை வைப்பாள், மறுநாள் கிடா அறுத்து எல்லாரும் அந்த வீட்டில் உட்கார்ந்து கறிச்சோறு தின்று எழுந்தால் துட்டி கழிந்தது என்று அர்த்தம். அதுவரை அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நல்ல காரியம் கிடையாது.

அந்தப் பதினாறு நாளில் வந்த சோறு எதுவும் தங்கபுஷ்பத்தின் தொண்டையில் இறங்கவில்லை. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் புகையில் நின்று, நாளொன்றுக்கு நூற்றிருபது பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டு, வீட்டுக்கு வந்து மறுபடியும் ஆக்கி, ஓய்வு பெற்ற பிறகும் ஆக்கிக்கொண்டே இருந்தவர். கணவர் இறந்த அன்று காலை சுண்டலுக்கென்று பச்சைப்பயறு ஊறப்போட்டிருந்தார். மூன்றாம் நாள் எதற்கோ அடுக்களைக்குள் போனபோது பயறு முளைவிட்டிருந்தது. அவர் உயிரோடு இருந்தபோது நனைத்த பயறு, கொட்ட மனசு வரவில்லை, நின்றபடியே ஒரு கைப்பிடி அள்ளித் தின்றார். அது இறங்கியது. பிறகு துட்டி கேட்க வந்தவர்கள் கொண்டுவந்த வாழைப்பழம், சந்தையிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய வெள்ளரிக்காய், முற்றத்து மரத்துத் தேங்காய், எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொன்றையும் வாயில் வைப்பதற்கு முன்னால் அதைப் பார்த்து, "வந்தியே, நல்லாரு" என்று சொல்லும் பழக்கமும் அப்போதுதான் வந்ததாம்.

பதினாறாம் நாள் பந்தலில் சமையல்காரர் ஆக்கியதை எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். தங்கபுஷ்பத்தின் அண்ணன் வைத்துவிட்டுப் போன அரிசி அப்படியே இருந்தது. கறிச்சோற்றுக்கு ஏற்பாடு பேச வந்த சந்தனமாரி கேஸ் அடுப்பைப் பார்த்தாள்.

"ஏக்கா, பர்னர்ல நூலாம்படை தொங்குது. மூட்டலியா?"

"மூட்டிக்கிடுதேன் சந்தனம். நாளைக்கு."

"எந்த நாளைக்கு?"

"எந்த நாளைக்குன்னு தெரிஞ்சா இன்னைக்கே மூட்டிருவனே."

துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்த சந்தனமாரி மறுநாள் காலையில் ஆறு இட்லியும் சட்னியும் தூக்குவாளியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள், வாசற்படியைத் தாண்டியதும் வாளியின் கனம் மாறியது, திறந்து பார்த்தால் ஊறிய அரிசியும் உளுந்தும், மேலே இரண்டு தேங்காய் மூடியும் நான்கு மிளகாயும் கிடந்தன. அவள் தன் வீட்டில் அவசரத்தில் மாற்றி எடுத்து வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போய் அடுத்து சாம்பார் கொண்டுவந்தாள். அது துவரம்பருப்பும் முருங்கைக்காயும் கொட்டையோடு புளியுமாக வந்து சேர்ந்தது. மூன்றாவதாக வந்த அப்பளம் வாசலிலேயே மாவாகி உதிர்ந்தது.

"நல்லதாப் போச்சு, முருங்கைக்காய் பிஞ்சாத்தான் இருக்கு" என்று தங்கபுஷ்பம் வாங்கி வைத்துக்கொண்டார்.

இரண்டு மூன்று நாளில் ஊருக்கு அந்த வீட்டின் சட்டம் பிடிபட்டது. நெருப்புப் பட்டது எதுவும் அந்தப் படியைத் தாண்டினால் பழையபடி பச்சையாகிவிடும். வெயிலில் காய்ந்ததை அந்த வீடு ஒன்றும் செய்யாது. உப்பு உப்பாகவே இருந்தது, வற்றல் மிளகாய் வற்றலாகவே இருந்தது. இதைக் கண்டுபிடித்த பிறகு யாரும் பெரிதாக ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கவில்லை என்றாள் சொர்ணலதா, அவரவருக்கு அவரவர் வேலை இருந்தது. சுற்று வட்டாரத்துக் கருப்பட்டி வியாபாரிகள் சரக்கெடுக்கும் முன் ஒரு சில்லை எடுத்துக்கொண்டு அந்த வாசலில் வரிசையில் நின்றார்கள், படிக்கு உள்ளே கையை நீட்டினால் சுத்தமான கருப்பட்டி முழுக்கப் பதநீராகி வழியும், சீனி கலந்ததென்றால் பதநீரோடு கரும்புச் சக்கையும் கையில் நிற்கும், அப்படிச் சக்கை நின்ற ஒருவர் அதோடு வேறு தொழிலுக்குப் போய்விட்டார். கடைத்தெருவில் வாங்கிய தேங்காய் சாதத்தை ஒருத்தி உள்ளே கொண்டுவந்து பார்த்து, அதில் தேங்காயே இல்லை என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனாள். வந்தவர்கள் யாரும் சும்மா வரவில்லை, ஒரு கொய்யாவோ நாலு வெண்டைக்காயோ படியில் வைத்துவிட்டுப் போனார்கள். தங்கபுஷ்பம் அதைத் தின்று வாழ்ந்தார்.

காலையில் முளைப்பயறு. மதியம் வெள்ளரியும் பிஞ்சு வெண்டையும் கொத்துமல்லியும் அரிந்து, தேங்காய் துருவிப் போட்டு, உப்பும் எலுமிச்சையும். சாயங்காலம் பழம், நனைத்த நிலக்கடலை. அரிவாள்மனை ஒன்றும் தேங்காய்த் துருவி ஒன்றும் தவிர வேறு சாமான் வேண்டியிருக்கவில்லை. பெங்களூரிலிருந்த அண்ணன் மகன் பழச்சாறு பிழியும் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டுப் போனில் கூப்பிட்டான்.

"இது எதுக்குடா?"

"கடிக்கச் சிரமமா இருக்கும்லா அத்தை."

"எனக்குப் பல்லு இருக்கே. உனக்குப் பல்லு இல்லன்னா நீ வச்சுக்கோ."

ஊர் நர்ஸ் மேரிஸ்டெல்லா மாதாமாதம் வந்து சண்டை போட்டாள். "சத்து மாத்திரை போடாம இப்பிடிப் பச்சையா மேஞ்சிட்டு இருந்தீயன்னா ஒரு நாள் மயங்கி விழுந்துருவீய" என்று இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொண்டுவந்தாள். படியைத் தாண்டியதும் ஒன்று ஒரு சிட்டிகைச் செம்மண்ணாகவும் மற்றது கிளிஞ்சல் துண்டாகவும் போனது. அவள் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்து இரத்தம் எடுத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டாள், ஆனாலும் அடுத்த மாதமும் வந்தாள். அவளுக்கு வேண்டியது அந்தம்மாள் நன்றாக இருப்பதுதான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எல்லாம் இப்படிப் பழகிவிட்டது, ஜெயரதியின் கல்யாணம் ஒன்றைத் தவிர.

அது பெரியப்பா இறப்பதற்கு முன்பே நிச்சயமானது. மாப்பிள்ளை இசக்கிராஜா இராணுவத்தில் இருந்தான். தை மாதம் விடுப்பில் வந்து, மாசி ஐந்தாம் தேதி எல்லைக்குத் திரும்ப வேண்டும், அதை விட்டால் அடுத்த விடுப்பு எப்போது என்று அவனுக்கே தெரியாது. தை கடைசி முகூர்த்தத்துக்கு நாள் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வெயிலுகந்தம்மாள் ஆள் அனுப்பிச் சொன்னார்: "துட்டி கழியாத வீட்டுல பொண்ணு எடுத்து, நாளைக்கு எம்புள்ளைக்கு அங்க பனியில ஒண்ணுன்னா நான் யாரப் போய்க் கேக்க?"

அந்தக் கேள்விக்குச் சந்தனமாரியால் கோபப்படக்கூட முடியவில்லை.

ஆதிலிங்கம் ஒரு வழி சொன்னார். அடுப்பு மூட்டாவிட்டாலும் அந்த வீட்டில் உட்கார்ந்து எல்லாருமாகக் கறிச்சோறு தின்றுவிட்டால் துட்டி கழிந்ததாகச் சொல்லிவிடலாம், கறியை வேறு வீடுகளில் ஆக்கிக்கொள்ளலாம். இட்லிக்கு ஒரு சட்டம், கறிக்கு வேறு சட்டம் இருக்கும் என்று அவர் மெய்யாகவே நம்பினார். "இட்லி லேசான பொருளு. கறி அப்பிடி இல்லடே, அது நெருப்பப் பாத்துட்டா பாத்ததுதான்."

கறிக்கடை மஸ்தான் பாய் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கிடாயை அறுத்து ஐந்து கூறு போட்டுக் கொடுத்தார். ஐந்து வீட்டில் ஆக்கினார்கள், தலைக்கறி ஒரு வீடு, குடல் ஒரு வீடு, சுவரொட்டி என்கிற மண்ணீரலும் ஈரலும் ஒரு வீடு, மற்ற கறி இரண்டு வீடு. மதியம் ஐந்து பெண்கள் ஐந்து சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வரிசையாக அந்தப் படியைத் தாண்டினார்கள், ஐந்து சட்டியும் ஒரே நேரத்தில் குலுங்கின, கொத்துமல்லியும் சின்ன வெங்காயமும் தரையெல்லாம் உருண்டன, உருண்டு நின்றபோது நடுவீட்டில் கிடா நின்றுகொண்டிருந்தது. மூன்று காலில் நின்றது.

ஒரு முன்னங்காலைக் காணவில்லை. எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். கடைசியில் சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டு, "இவியளுக்கு ராத்திரிக்குக் கொஞ்சம் எடுத்து வச்சேன்" என்றாள்.

"ஓடு, எடுத்துட்டு வா. அது நிக்க மாட்டாம நிக்கி பாரு" என்றார் தங்கபுஷ்பம்.

அவள் ஓடிப்போய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். கிடா நான்காவது காலையும் ஊன்றி, ஒரு முறை உடம்பை உதறிவிட்டு, தன்னோடு வெந்த கொத்துமல்லியைத் தின்னத் தொடங்கியது. தோலைப் பற்றி நான் சொர்ணலதாவிடம் கேட்டேன், தோல் கறிக்கடையில்தானே இருந்திருக்கும் என்று. அந்த நேரத்தில் யாருக்கும் அது தோன்றவில்லையாம்.

மஸ்தான் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் கிடாயின் காதைத் திருப்பிப் பார்த்து, "காலையில நான் அறுத்ததுதான்" என்றார்.

"மறுபடி அறுப்பீயளா பாய்?" என்றார் ஆதிலிங்கம்.

"ஏன் அண்ணாச்சி, ஒரு உசுரு ரெண்டு மட்டம் என் கத்தியப் பாக்கணுமா? வேற ஆளப் பாருங்க." போகும்போது கிடாயின் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அன்று சாயங்காலம் ஜெயரதி பெரியம்மையைப் பார்க்க வந்தாள். சின்ன வயதில் அவள் சாப்பிட்டதெல்லாம் இந்த வீட்டில்தான். அழக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள்.

"பெரியம்மை, நீங்க சமைக்காண்டாம், திங்காண்டாம். எனக்காக ஒரே ஒரு தடவ மூட்டி அணைச்சிருங்க. போதும்."

"இதுக்கா ஏட்டி இவ்வளவு தூரம் தயங்கிட்டு நிக்க?"

தங்கபுஷ்பம் உடனே எழுந்து நூலாம்படையைத் துடைத்துவிட்டு அடுப்பைத் திருகித் தீக்குச்சியை உரசினார். குச்சியில் பச்சைப் பட்டை ஏறியது, நுனியில் இரண்டு இலை விட்டது. அடுத்ததை உரசினார். அதுவும் துளிர்த்தது. ஒரு பெட்டிக் குச்சியையும் உரசி முடித்தபோது மேடையில் விரல் நீளத்துக்கு ஒரு தோப்புக் கிடந்தது. இத்தனை நாளும் மூட்ட விருப்பமில்லாமல் இருந்தவருக்கு, மூட்டவே முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நான் மாட்டேன்னு சொல்லலட்டி. நீயே பாத்தேல்லா" என்று சொல்லி, இந்த மூன்று மாதத்தில் முதல் முறையாக அழுதார். ஜெயரதி அந்தக் கன்றுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை என்று பின்னால் தங்கையிடம் சொன்னாள்.

தை இருபதாம் தேதி வெயிலுகந்தம்மாளே புறப்பட்டு வந்தார். நிச்சயத்தை முறித்துக்கொள்ளத்தான் வருகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போகாமல் தங்கபுஷ்பத்தின் வீட்டுக்கு வந்தார், இந்தப் பேச்சை அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தே பேச வேண்டும் என்று நினைத்திருக்கிறார். துட்டி வீட்டுக்கு என்று உள்ள முறையிலேயே வந்தார். அந்த வீட்டுக்கு வருகிறவரை வாங்க என்று யாரும் அழைக்க மாட்டார்கள், வந்தவர் அங்கே ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார், போகும்போது போய்ட்டு வாரேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விடுவார். அப்படிச் சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும்.

படியைத் தாண்டியதும் அவர் தோளில் தொங்கிய பையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிந்தது. சந்தையில் இறங்கும்போது வீட்டுக்கென்று வாங்கிய இரண்டு கிலோ கருப்பட்டி.

"ஐயோ, ஒழுகுது மதினி, ஒழுகுது" என்று தங்கபுஷ்பம் ஓடிப்போய்ச் சருவச் சட்டியை எடுத்து வந்து பிடித்தார். சட்டி நிறைந்தது. பிறகு குடம். வெயிலுகந்தம்மாள் பையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். தை மாதத்தில் எந்தப் பனையும் பதநீர் தராது, பங்குனிக்கு மேல்தான் பாளை சுரக்கும். வீடு முழுக்கப் பதநீர் வாசம் நிறைந்தது.

"பதனி நேரம் போனா புளிச்சிரும்" என்றார் தங்கபுஷ்பம், யாரையும் பார்க்காமல்.

"நான் இந்த வீட்டுல கை நனைக்க வரல."

"இது இந்த வீட்டுது இல்லையே மதினி. ஒங்க காசுல வாங்குனதுதான."

வெயிலுகந்தம்மாள் பையைக் கீழே வைத்தார். டம்ளரை வாங்கினார். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார். காலையில் ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் பஸ் ஏறியவர். மூன்றாவது டம்ளருக்குப் பிறகு தங்கபுஷ்பம் தன் மதியச் சாப்பாட்டை, அரிந்த வெள்ளரியும் தேங்காய்த் துருவலும் முளைப்பயறும் கலந்ததை, இரண்டு தட்டில் பிரித்து ஒன்றைத் தள்ளி வைத்தார். அது எப்போது தன் வாய்க்குப் போனது என்று வெயிலுகந்தம்மாளுக்குக் கடைசி வரை தெரியவில்லை. கிடா வந்து அவர் முந்தானையை மோந்து பார்த்தது.

"இதுதான் அந்தக் கிடாயா?"

"அதேதான்."

முந்தானையை அதன் வாயிலிருந்து விடுவித்துக்கொண்டு வெயிலுகந்தம்மாள் கேட்டார். "எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா மதினி?"

"அது எனக்குத் தெரியாது" என்றார் தங்கபுஷ்பம். "எங்க வீட்டுக்காரருக்கு ஆகாதுன்னுதான் நானும் பயறு ஊறப்போட்டேன். தெரியாததச் சொல்லக் கூடாது. இந்த மூணு மாசத்துல இந்தப் படிக்கு உள்ள வந்தது எதுவும் சாகல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

வெயிலுகந்தம்மாள் தலையை ஆட்டினார். நிச்சயத் தட்டைத் திருப்பித் தருவதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, வாசல்வரை போனவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு எந்த வீட்டிலிருந்தும் கிளம்புவதைப் போல, யோசிக்காமல் திரும்பி, "அப்பம் நான் போய்ட்டு வாரேன் மதினி" என்றார்.

வாசலில் நின்றிருந்த சந்தனமாரி வாயைப் பொத்தினாள். ஆதிலிங்கம் செருப்பில் பாதிக் காலை நுழைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். என்ன சொன்னோம் என்பது வெயிலுகந்தம்மாளுக்கும் உறைத்தது. ஒரு காலைப் படிக்கு வெளியிலும் ஒரு காலை உள்ளேயும் வைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லிட்டேன்" என்றார்.

சந்தனமாரி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"துட்டி வீடுன்னா என் வாயில அப்பிடி வராது. இதுவரைக்கும் வந்தது கிடையாது, எத்தன துட்டிக்குப் போயிருக்கேன். வந்துட்டுன்னா என்ன அர்த்தம்? இது துட்டி வீடு இல்ல." பிறகு ஆதிலிங்கத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "என்ன அண்ணாச்சி, செருப்பப் போடுங்க. பந்தக்காரனுக்குச் சொல்லாண்டாமா? ஒரு வாரங்கூட முழுசா இல்ல."

உள்ளேயிருந்து தங்கபுஷ்பம், மூன்று மாதமாக அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத பதிலைச் சொன்னார். "போய்ட்டு வாங்க மதினி."

கல்யாணம் சந்தைக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. அங்கே எல்லாம் நெருப்பில் ஆக்கியதுதான், எல்லாம் வெந்தபடியே இருந்தது, எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். தங்கபுஷ்பம் இலையில் வைத்த அன்னாசித் துண்டையும் வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு, "வந்தியே, நல்லாரு" என்றார். பழத்தைச் சொன்னாரா, அந்த நேரத்தில் காலில் விழ வந்த ஜெயரதியைச் சொன்னாரா என்பதில் அக்காவுக்கும் தங்கைக்கும் இன்றுவரை சண்டை உண்டு. மாசி ஐந்தாம் தேதி இசக்கிராஜா ரயில் ஏறினான். இதை எழுதுகிற வரைக்கும் நன்றாக இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறான்.

இதில் பெரும்பகுதியை என்னால் சரிபார்க்க முடியாது. போன மாதம் திருமணப் பதிவுச் சான்றின் நகலைக் காட்ட முடியுமா என்று சொர்ணலதாவிடம் கேட்டேன். சந்தேகப்படுகிறாயா என்று கேட்டுக்கொண்டே போனில் படம் எடுத்து அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி, தை மாதம் இருபத்தாறு. மணமகளின் தரப்புச் சாட்சிகளில் முதல் கையெழுத்து, கணவரை இழந்து நூறு நாள் ஆகியிருந்த தங்கபுஷ்பத்தினுடையது. அவர் பெயருக்கு நேரே பேனாவால் அழுத்தி ஒரு குறியிட்டு, அங்கே கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தவர், சொர்ணலதா சொன்னபடி, மாப்பிள்ளையின் அம்மா.